ஐந்து சத்தங்களின் அணிவகுப்பு

எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாரைத் திருடுகிறவர்கள் அதன் சத்தத்தை எடுத்துப் போவதில்லை. பழைய இரும்புக் கடையில் சத்தத்துக்கு விலை கிடையாது. அதனால் என் மோட்டார் காணாமல் போன மறுநாளும் காலை ஆறு மணிக்கு அதன் சத்தம் தானாக ஓடத் தொடங்கியது. பழகிய தண்ணீர் அதைக் கேட்டு மேலேறி வந்து, வாய்க்கால் வழியே போய் அரை ஏக்கர் சம்பங்கியையும் நனைத்தது. பத்து மணிக்குச் சத்தம் நின்றது. தண்ணீரும் நின்றது. நான் எப்போதும்போல வரப்பேறி வீட்டுக்கு வந்தேன்.

புகார் கொடுக்காமலே இருந்திருப்பேன். பக்கத்துத் தோட்டத்துப் பழனியாண்டிதான் கேட்கவில்லை. அவருடைய மோட்டாரும் அதே வாரம் போயிருந்தது.

"வெறும் சத்தம் எத்தன நாளைக்கு ஒழைக்கும் மதினி? வெயில்ல தேஞ்சு போகும். ஆடி வரைக்கும் தாங்காது."

இருவருமாகப் போய் எழுதிக் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் ஏட்டு சந்தியாகு வந்தார். பைக்கின் பின்னால் ஒரு பித்தளைக் குடத்தைக் கட்டியிருந்தார்.

"ஆளப் புடிச்சாச்சும்மா. அஞ்சு மோட்டாரு கெடச்சிருக்கு. அஞ்சும் ஊமை. சத்தத்தக் குடுத்தீங்கன்னா பொருத்திப் பாத்து எது யாருதுன்னு எழுதிருவோம்."

"அதுவரைக்கும் பூவுக்குத் தண்ணி?"

"சாட்சியத்த வச்சு வெவசாயம் பண்ணக் கூடாதும்மா. தப்பு."

கிணற்று மேட்டில் குனிந்து சத்தத்தைக் குடத்தில் இறக்கினார். வாயைத் துணியால் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். குடத்தைத் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றிலிருந்து தண்ணீர் கிணற்றின் அடியில் படுத்துக்கொண்டது. வைகாசி வெயில். ஏழாம் நாள் சம்பங்கியின் தாள்கள் நுனியில் கருகின. இன்னும் நான்கு நாள் போனால் கிழங்கு சுருங்கிவிடும்; அதற்குப் பிறகு மழையே வந்தாலும் எழுந்திருக்காது. அந்தப் பூவைத் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை. காலையில் கண் விழிக்க வேறு காரணமும் இல்லை.

எட்டாம் நாள் அடையாள அணிவகுப்புக்கு வரச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் ஐந்து குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பறிகொடுத்தவர்கள் அவரவர் சத்தத்தைக் கேட்டுக் காட்ட வேண்டும். தவறாகக் காட்டினால் அந்தச் சத்தம் கோர்ட்டுக்குப் போய்விடும். கோர்ட்டுக்குப் போன சத்தம் திரும்பி வர வருடங்களாகும்.

குடங்களைத் திறந்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. ஐந்தும் ஒரே லாக்கப்பில் இருந்தவை. ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருந்தன. என் மோட்டார் ஓடத் தொடங்கும்போது இரண்டு முறை செருமும். இப்போது ஐந்தும் இரண்டு முறை செருமின.

பழனியாண்டி ஒவ்வொரு குடத்தின் மேலும் காதைச் சாய்த்துப் பார்த்தார்.

"நம்முது ஏழர ஹெச்பி ஏட்டய்யா. புலி மாதிரி உறுமும். இங்க அம்புட்டும் பம்மிக்கிட்டுல்ல கெடக்கு?"

"ஸ்டேஷனுக்கு வந்தா எல்லாரும் அப்பிடித்தான்யா" என்றார் சந்தியாகு.

என் முறை வந்தது. "ஓட விட்டது போதும் ஏட்டய்யா. ஒண்ணொண்ணா நிறுத்துங்க" என்றேன்.

முதல் சத்தத்தை நிறுத்தினார். அதன் பின்னால் வந்த அமைதியில் ஓர் ஆடு கத்தியது. இரண்டாவதில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

"அது நம்முதுதான்" என்றார் பழனியாண்டி, மெதுவாக.

நான்காவதை நிறுத்தினார்.

"ஏ கமலவேணி, காப்பி ஆறுது. வாறியா, நானே குடிச்சிரட்டா?"

என் மூத்த நாத்தனார் சௌந்தரத்தின் குரல். மோட்டார் ஓடும்போது கூப்பிட்டால் கேட்காது என்று, நின்ற பிறகுதான் கூப்பிடுவாள். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காப்பியைக் குடித்திருப்பாள். அவள் போய் ஒன்பது வருடமாகிறது. அந்தக் குரல் இன்னும் சத்தத்தின் முடிவில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனித்ததில்லை. தினமும் சரியாகப் பத்து மணிக்கு வரப்பேறியது மட்டும் உண்டு.

"இது என்னுது" என்றேன். சந்தியாகு எழுதிக்கொண்டார்.

மோட்டாரையும் சத்தத்தையும் கொடுத்தார்கள். குரலைக் கொடுக்கவில்லை. புகாரில் 'மோட்டார் ஒன்று' என்றுதான் எழுதியிருந்தேன். எழுதாத பொருளைத் திருப்பித் தர விதியில்லை. அதை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் ஓடி வந்தது. பத்து மணிக்கு நிறுத்தினேன். மோட்டார் நின்றது; தண்ணீர் நிற்கவில்லை. போதும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் வரப்பு கரைந்தது. இப்படியே இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். காய்ந்து சாகவிருந்த பூ நனைந்து சாகும்.

முழங்கால் வரை சேற்றோடு ஸ்டேஷனுக்குப் போய் இன்னொரு புகார் எழுதினேன். பொருள்: ஒரு கூப்பாடு. அடையாளம்: காப்பி ஆறுகிறது.

சந்தியாகு ரசீது போட்டுக் கொடுத்தார். "கோர்ட்டு உத்தரவு வர ஆறு மாசம் ஆகும்மா." என் கால்களைப் பார்த்தார். "பாட்டில்ல இருக்குறது என்னன்னு சரியாச் சொல்லுங்க. காப்பி குடிக்கிறது வரைக்கும் ஒண்ணு விடாம. உத்தரவு வர்ற வரைக்கும் தற்காலிகமா ஒரு ஏற்பாடு பண்ணலாம்."

சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தினேன். சந்தியாகு முழுச் சீருடையில் வீட்டுப் பக்க மேட்டில் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தாளைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"ஏ கமலவேணி, காப்பி ஆறுது. வாறியா, நானே குடிச்சிரட்டா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மன்னிக்கணும்மா, அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றார்.

தண்ணீர் நின்றது.

நான் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வரப்பேறிப் போனேன். அவர் காப்பித் தம்ளரை நீட்டினார். பாதிதான் இருந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, தாளில் நேரத்தைக் குறித்து, என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.