வண்டி வராத வெள்ளைப் பாதை

விவாகரத்து வாங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சைக்கிள் மிதித்த ஜோடி அந்த ஊரிலேயே ஓர்னெல்லாவும் தூச்சோவும்தான். வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், சட்டி பானைகளைப் பிரித்துக்கொண்டார்கள், பூனையை மகள் கொண்டுபோய்விட்டாள். பாதையை எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை. "ஒரு ஞாயிறு நீ போ, அடுத்த ஞாயிறு நான் போறேன்" என்று ஓர்னெல்லா சொல்லிப் பார்த்தாள். "பஞ்சரானா உனக்கு யாரு ஒட்டித் தருவா?" என்றான் தூச்சோ. பேச்சு அதோடு நின்றுபோனது.

முன்னொரு காலத்தில் ஒரு வேன் பின்னாலிருந்து இடித்து அவன் தோள் எலும்பை நொறுக்கியிருந்தது. அன்று முதல் தார் ரோட்டுப் பக்கம் அவன் தலைவைத்தும் படுப்பதில்லை. இத்தாலியின் கியாந்தி மலைகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடே ஏறி இறங்கும் வெள்ளைச் சரளைப் பாதைகள் போதும் அவனுக்கு. "இங்க நம்மளக் கொல்ல ஒரு வண்டியும் வராது" என்பான், ஏதோ தானே போட்டுவைத்த பாதை மாதிரி.

அந்த நவம்பர் ஞாயிறு, அறுவடையெல்லாம் முடிந்து கொடிகளின் இலைகள் பழுத்துத் தொங்கின. தோட்டங்களில் ஆள் இல்லை. மேட்டு வளைவில் மஞ்சள் பலகை ஒன்று கட்டியிருந்தது: பன்றி வேட்டை நடக்கிறது. பலகைக்கு அருகில் மடக்கு நாற்காலியில் தடித்த கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி. கையிலிருந்த சின்னக் கருவியின் திரையில் நாலைந்து புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

"நாய்ங்க கீழ பள்ளத்துல இறங்கிருச்சும்மா" என்றார் திரையைப் பார்த்தபடி. "கொஞ்சம் பொறுத்துப் போங்க. பன்னி எந்தப் பக்கம் வெளிய வரும்னு அதுக்கே தெரியாது."

தூச்சோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டையின் பின் பையில் கைவிட்டான். ரொட்டியும் சலாமி இறைச்சியும் அதில்தான் இருந்தன. "அதுக்கென்ன, சாப்பிட்டுட்டுப் போவோம்."

ஓர்னெல்லாவுக்குத்தான் சுருக்கென்றது. "இந்த மலைய இவங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தா? இது பொதுவழி."

"பொதுவழிதாம்மா. பன்னிக்கும் பொதுதான்."

"குண்டு எங்க மேல படாமப் பாத்துக்குங்க, அது போதும்." அவள் பெடலை மிதித்துவிட்டாள். தூச்சோ கிழவரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "இருபது வருஷம் கட்டிக் குடும்பம் நடத்துனேன். என் பேச்சையே கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்தான்.

இறக்கம் செங்குத்து. ஓக் மரங்கள் இருபுறமும் நெருங்கி, வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. தூச்சோ அவளை முந்திக்கொண்டு போனான். இறக்கத்தில் அவனுக்கு எப்போதும் பத்து வயதுதான். ஓடைப் பாலத்துக்கு முன்னால் புதர் கிழிந்தது. கறுப்பாக ஒரு பாறை உருண்டு வருவதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. அது சைக்கிளின் முன்சக்கரத்தில் மோத, தூச்சோ தலைகுப்புற விழுந்தான். பன்றி ஓடிப்போயிருக்கலாம். ஏற்கெனவே குண்டடி பட்டிருந்ததோ என்னவோ, திரும்பியது. தலையைத் தாழ்த்தி, கோரைப்பல்லால் அவன் காலை ஒருமுறை குத்தித் தூக்கிவிட்டு, ஓடையில் இறங்கி மறைந்தது.

அவள் ஓடி வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுமில்ல. சைக்கிளப் பாரு." முழங்காலுக்குப் பின்னாலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வெளியே வந்தது. வெள்ளைச் சரளை அதை உடனுக்குடன் குடித்தது.

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். ரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது திருப்பிக்கொண்டால் கவனிக்க இன்னொருவர் இல்லை. சைக்கிளின் மாற்று டியூபை எடுத்து முழங்காலுக்கு மேலே இறுக்கிச் சுற்றினாள். நிற்கவில்லை. முடிச்சுக்குள் கைப்பம்பைச் செருகி முறுக்கினாள். தூச்சோ அலறினான். இன்னும் முறுக்கினாள். துடிப்பு நின்று, வெறும் கசிவானது. பம்பிலிருந்து கையை எடுத்தாள். டியூப் ரப்பர்தானே, சடாரென்று திரும்பிச் சுழன்று அவிழ்ந்தது. ரத்தம் மறுபடி பாய்ந்தது. திரும்ப முறுக்கிப் பிடித்தவள், அதன் பிறகு கையை எடுக்கவில்லை.

இடது கையால் போனை எடுத்துப் பார்த்தாள். டவர் இல்லை. அந்தப் பள்ளத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். ஏற வேண்டுமென்றால் பம்பை விட வேண்டும்.

"நீயே பிடிச்சுக்கிறியா? நான் மேல போய்ட்டு ஓடி வந்துர்றேன்."

தூச்சோ பிடித்தான். விரல்களில் பலமில்லை; வேர்வையில் பம்பு நழுவியது. "முடியல" என்றான். பிறகு, திருமண வாழ்க்கை முழுவதும் அவள் கேட்டிராத குரலில் சொன்னான்: "விட்டுட்டுப் போகாத, ஓர்னெ. தனியா இங்க என்ன விட்டுறாத."

"யாரு போறா. வாய மூடு."

அவள் கத்தினாள். யாரை என்றில்லாமல் கத்தினாள். உதவி, ரத்தம், ஆம்புலன்ஸ் என்று தொண்டை கிழியும் மட்டும் கத்தினாள். எதிர்ச்சரிவிலிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு ஆண்குரல் பதில் கொடுத்தது. ஓடையின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"கத்தாத தாயி! உன்னோட பன்னிப் பாசமெல்லாம் ஊர்ல போய் வச்சுக்க!"

வேட்டைக்கு எதிராகக் கூச்சல் போட்டுப் பன்றிகளை விரட்டிவிடச் சிலர் வருவதுண்டு. அவளையும் அந்தக் கூட்டத்து ஆள் என்று அவன் நினைத்துவிட்டான். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். அவன் கொம்பை எடுத்து ஊதினான். எங்கோ சிலர் சிரித்தார்கள். பிறகு சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்து போயிற்று.

நேரம் போனது. தூச்சோவின் உதடு வெளுத்து, குளிர்கிறது என்றான். அவள் பம்பை ஒரு கணம் கை மாற்றிப் பிடித்து, தன் மேல்சட்டையைக் கழற்றி அவன்மேல் போட்டாள். வலது கை மரத்துப்போய் அவளுடையதாகவே இல்லை. மேலே பாதையைப் பார்த்தாள், கீழே பாலத்தைப் பார்த்தாள். ஒரு வண்டி, ஒரு டிராக்டர், திருட்டு லாரியானாலும் பரவாயில்லை. ஒன்றும் வராது. வராது என்பதற்காகத்தானே இத்தனை வருடம் இங்கே வந்தார்கள். மாதாவை வேண்டிக்கொண்டாள், அடுத்த மூச்சில் மாதாவைத் திட்டினாள். இவன் செத்துப்போனால் எவ்வளவு நேரம் கழித்துப் பம்பை விடுவது என்று ஒரு யோசனை வந்தது.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. பழுப்பு நிறம், மெலிந்த உடம்பு. பன்றியின் தடத்தை மோப்பம் பிடித்து வந்தது, ரத்தத்தைக் கண்டு தயங்கி நின்றது. கழுத்துப்பட்டையில் சிறு பெட்டியும் குச்சி போன்ற ஏரியலும் இருந்தன. கிழவரின் கையிலிருந்த திரையும், நகர்ந்த புள்ளிகளும் ஓர்னெல்லாவின் கண்முன் வந்தன. இது அதில் ஒரு புள்ளி. ஓடுகிற நாயை யாரும் தேட மாட்டார்கள். அசையாமல் நிற்கிற நாயை, பன்றி கிழித்துவிட்டதோ என்று பதறித் தேடி வருவார்கள்.

"வா கண்ணு. வா, வா."

நாய் ஓடைப் பக்கம் திரும்பியது.

"தூச்சோ, சலாமிய எடு. உன் சட்டைப் பின் பையில இருக்குல்ல, எடு."

"பசிக்குதா உனக்கு?" என்றான் கண்ணைத் திறக்காமல். அவளே அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு இழுத்து எடுத்துத் தூக்கிப்போட்டாள். நாய் தின்றது. அடுத்த துண்டைக் காலடியில் போட்டாள். மூன்றாவது துண்டைக் கையிலேயே வைத்து நீட்டினாள். நாய் வாயைக் கொண்டுவந்ததும் பட்டையைப் பிடித்துவிட்டாள்.

தடத்தில் வெறியாக இருக்கும் வேட்டை நாய் சும்மா நிற்குமா. உதறியது, முறுகியது, மணிக்கட்டில் பல்லைப் பதித்தது. ஒரு கையில் பம்பு, மறு கையில் நாய். இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன. நடுவில் அவள் மண்டியிட்டுக் கிடந்தாள். "கடி, நல்லாக் கடி" என்று அழுதுகொண்டே சொன்னாள். "கடிச்சிட்டு இங்கயே இரு."

"நாய்க்கா போட்ட?" என்று தூச்சோ முனகினான். "பெருஞ்சீரகம் போட்டது. ஊர்லயே நல்ல கடையில வாங்குனது."

"பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத. என்னத் திட்டு."

"நாளைக்குத் திட்டுறேன்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நாயும் களைத்துப் படுத்துவிட்டது. பட்டையை மட்டும் அவள் விடவில்லை.

"சயெத்தா! சயெத்தா!" என்று நாயைக் கூப்பிடும் குரல் புதருக்குள்ளிருந்து வந்தது. மேட்டில் இருந்த அதே கிழவர், மூச்சிரைக்க இறங்கி வந்தார். தன் நாயை ஒரு பெண் பிடித்துவைத்திருப்பதைப் பார்த்ததும், "அடியே, என் நாய என்னடி..." என்று ஆரம்பித்தவர், சரளையைப் பார்த்தார். துப்பாக்கியைக் கீழே போட்டார். தோளிலிருந்த வாக்கிடாக்கியில் அவர் கத்தியதைக் கேட்டால், காலையில் பேசிய அதே மனிதரா என்று இருந்தது. பிறகு மண்டியிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பம்பைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் ஆல்வாரோ" என்றார். "விடும்மா. நான் பிடிச்சுக்கிட்டேன். நாயையும் விடு."

அவளால் விரலை விரிக்க முடியவில்லை. சயெத்தா தானே கழுத்தை உருவிக்கொண்டது.

வேட்டைக்காரர்களின் ஜீப் ஒன்று மரக்கிளைகளை ஒடித்துக்கொண்டு இறங்கியது. மேலே திராட்சை வரிசைகள் முடியும் வெட்டவெளியில் ஹெலிகாப்டர் வந்து நின்றது. சியேனா ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். உயிர் தங்கியது. காலைத் தொடைவரை எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்த தூச்சோ திட்டத்தான் செய்தான். "நடுவுல கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கலாம்ல? அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிச்சா கால் சாகாம என்ன செய்யும்?" தளர்த்தியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டான் என்று டாக்டர் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மகளிடம், அம்மாவை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னான். ஓர்னெல்லா போனாள். தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டான். துடைத்துவிட்டு மறுநாளும் போனாள். பலகையைத் தாண்டி அவள் முதலில் மிதித்ததைச் சொல்வான் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அதை மட்டும் அவன் வாயிலெடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் நாற்காலியில் உட்கார்ந்து பெர்சிமன் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறான் என்று நினைத்தாள்.

"பாதம் அரிக்குது" என்றான்.

அவள் கத்தியை வைத்துவிட்டு, இருக்கும் காலின் பக்கம் குனிந்தாள்.

"அது இல்ல."

அவள் கட்டிலின் மறுபக்கம் போய், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்து, துணியை நகத்தால் சொறிந்தாள்.

"இன்னும் கீழ."

கீழே சொறிந்தாள்.

"நிக்குதா?"

"இல்ல" என்றான் தூச்சோ. கண்ணோரம் வழிந்ததை அவன் துடைத்துக்கொள்ளவில்லை. "நிறுத்தாத."