ஒரு சாண் குட்டையான வண்டி

மெத்தைக்காரர் பெண்டாட்டிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் நுரையை அறுத்து, உறை தைத்து, வருகிறவர்களிடம் “படுத்துப் பாருங்க, சொர்க்கம்” என்று வாய் கூசாமல் சொல்வேன். இரவில் அதே சொர்க்கத்தில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் படுத்த மாத்திரத்தில் மரக்கட்டை. மூக்கைப் பிடித்து மூடிவிடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றும்.

காரணம் எனக்குத் தெரியும். மாமா, அதாவது இவருடைய அப்பா, படுக்கையில் விழுந்தபிறகு இரவில் அவர் இருமினால் நான்தான் எழுந்து போவேன். வெந்நீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, தலையணையை உயர்த்தி வைப்பேன். திரும்பி வந்து படுத்தால் அடுத்த இருமலுக்காகக் காது காத்திருக்கும். ஒரு மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். என் காதுக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. மாமாவின் அறையில் இப்போது நுரைத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அங்கே இரும ஓர் எலிகூடக் கிடையாது. ஆனாலும் காது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. அதுவரை ஒரு மெத்தையைக் கொண்டுபோகவும் வாடகை லாரிதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விரலுக்குத் தகுந்த வீக்கமாக இருக்கட்டும் என்று இவர் ஒரு சின்ன சரக்கு வேனைப் பழையதாகப் பார்த்து வாங்கினார். முன்பு ஒரு சலவைக்கடைக்காரர் வைத்திருந்தது. உள்ளே இன்னும் இஸ்திரி போட்ட துணியின் வாசனை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், நடுவில் ஒரு தகரத் தடுப்பு, பின்னால் ஜன்னலில்லாத பெட்டி. டீசல் அதிகம் கேட்காது, எந்தச் சந்திலும் நுழையும், பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். எங்களைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஜன்னல் திரைக்குக்கூட இரண்டு தடவை அளக்கிற மனிதர், வண்டியை வெளியே அளந்துவிட்டு உள்ளே அளக்க மறந்திருந்தார். இருவர் படுக்கும் மெத்தையைவிட அது ஒரு சாண் குட்டை.

ஸ்பிரிங் மெத்தையை மடிக்கக் கூடாது. கூரைமேல் கட்டினோம், காற்று பிடித்துப் பாதி வழியில் எழுந்து நின்றுவிட்டது. உள்ளே திணித்தால் இரண்டு முனையும் மேலே ஏறி, நடுவில் தொட்டிலாகக் குழிந்து, பின்கதவை முட்டித் திறந்தது. அந்தக் குழியில் யாராவது பாரமாகப் படுத்து முனைகளை உள்ளே இழுத்தால்தான் கதவு மூடியது. யாராவது என்றால் யார்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

“ஒரு கல்லைத் தூக்கி வைங்களேன்” என்றேன்.

“புது மெத்தை மேல கல்லை வைப்பாங்களா? விரிப்பு போட்டிருக்கேன், நீ படு.”

“அப்போ நான் கல்லா?”

“கல்லு இவ்வளவு பேசாது” என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே இருட்டு. கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். வண்டி கிளம்பியதும் என்ஜின் சத்தம் பெட்டி முழுக்க நிறைந்தது. அந்தச் சத்தத்தில் யார் இருமினாலும் கேட்காது. அது புரிந்ததும் என் காது, வியாபாரம் முடிந்த கடைக்காரரைப் போல மெல்ல ஷட்டரை இறக்கியது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது, நானும் ஏறி இறங்கினேன். மரங்களுக்கு அடியில் போகும்போது வெளிச்சக் கோடு அணைந்து அணைந்து எரிந்தது. பள்ளிக்கூட மணி, ஒரு நாயின் குரைப்பு, யாரையோ யாரோ கூப்பிடும் குரல், எல்லாம் என்மேல் படாமல் கடந்துபோயின. அப்புறம் தெருவே இல்லை. வண்டி தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. கரையில் மாமா உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் இருமவில்லை. “போயிட்டு வாம்மா” என்று கையைக் காட்டினார்.

கைப்பிரேக் இழுபட்ட சத்தத்தில் விழித்தேன். கன்னத்தில் விரிப்பின் தையல் பதிந்திருந்தது.

“தூங்கிட்டியா?” என்றார் கதவைத் திறந்துகொண்டு.

“கண்ணை மூடிட்டிருந்தேன், அவ்வளவுதான்.”

உங்கள் அப்பாவால் என் தூக்கம் போயிற்று என்று எப்படிச் சொல்வது? இறந்தவர்மேல் பழி போட்டதுபோல் ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, அடுத்த மெத்தை எப்போது தயாராகும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். தையல் வேகத்தைக்கூடக் கூட்டினேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்தப் பெட்டிக்குள் எனக்குத் தண்ணீர்மேல் ஒரு பயணம் இருந்தது.

ஒருநாள் கைப்பிரேக் சத்தத்துக்கும் நான் எழவில்லை. ஒரு டீச்சரின் வீட்டு வாசல். கதவைத் திறந்தால் நான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன்.

“மெத்தையோட இவங்களும் சேர்த்தா?” என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“இல்லீங்க டீச்சர், இவங்க சாம்பிள்” என்றாராம் இவர்.

டீச்சர் வாய் சும்மா இருக்குமா? மெத்தைக்காரம்மாவே தூங்கிக்கொண்டு வருகிற மெத்தை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. ஆர்டர் குவிந்தது. ஒரு விடுதிக்காரர் எல்லா அறைகளுக்கும் கேட்டார். சின்ன வண்டி ஒவ்வொன்றாகச் சுமந்து மாளவில்லை.

“இதைக் கொடுத்துட்டு நீள வேன் ஒண்ணு எடுக்கப்போறேன்” என்றார் சாப்பிடும்போது. “நாலஞ்சு மெத்தை நிமிர்ந்து நிக்கும். உள்ளேயும் அளந்துட்டேன். இனிமே நீ முன்னாடி ராணி மாதிரி உட்கார்ந்து வரலாம்.”

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

“இதுக்கு என்ன குறை? சின்ன வண்டி, சின்ன செலவு. சாண் ஏறினா முழம் சறுக்கும்னு சொல்வாங்க.”

“அதுவும் சின்ன வண்டிதான். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நம்ம கைக்கு அடக்கமான விலை. உன் முதுகுக்கும் நல்லது.”

“என் முதுகைப் பத்தி யாராவது உங்ககிட்ட புகார் சொன்னாங்களா?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

பழைய வண்டியைச் செடி விற்பவர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது தெருமுனையில் திரும்பியபோது நான் படுத்திருந்த பாயை யாரோ உருவிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அழுதேன். ஏன் என்று இவர் கேட்டதற்கு, கண்ணில் நுரைத் தூள் என்றேன்.

நீள வண்டியில் மெத்தைகள் சமத்தாக நின்றன. கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடியது. நான் முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுக்கத் தெரிந்தது. தூக்கம்தான் எங்கேயும் தெரியவில்லை. இரவில் காது பழையபடி வேலைக்கு வந்துவிட்டது. பகலில் தைக்கும்போது கண் இருண்டு ஊசி விரலில் ஏறியது. இந்த ஜென்மத்தில் இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் இவர் பட்டறையில் தனியாக எதையோ தைத்தார். கிட்டே போனால் “அந்தப் பக்கம் போ” என்று விரட்டினார். ஒரு மத்தியானம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் புது வண்டியின் பின்கதவு ஆவென்று திறந்திருக்கிறது. உள்ளே ஒரே ஒரு மெத்தை, நடுவில் தொட்டிலாகக் குழிந்து, கதவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

“என்னங்க இது? இவ்வளவு நீளமா எந்த ராட்சசன் கேட்டான்?”

“அளவு தப்பிடுச்சு.”

“உங்களுக்கா?”

“மனுஷன்தானே.” விரிப்பை உதறிப் போட்டார். அடியிலிருந்து தலையணை ஒன்றையும் எடுத்து வைத்தார். அதற்கு மேலும் புரியாமல் இருக்க நான் கல் இல்லை.

“இதை யார் வீட்டுக்குக் கொண்டுபோறோம்?”

“யார் வீட்டுக்கும் இல்ல. சும்மா ஒரு சுத்து.” கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பின்னாடி நீ விடுற குறட்டை தகரத்தையும் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்டுக்கிட்டே ஓட்டிப் பழகிட்டேன். இப்போ நீ பக்கத்துல முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியல.” விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். “அப்பா இருமும்போதெல்லாம் நீ எழுந்து போனே. எனக்கும் கேட்கும். நீ போறியேன்னு திரும்பிப் படுத்துப்பேன்.”

அந்த மரக்கட்டைக்கும் காது இருந்திருக்கிறது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். “நான் ஒண்ணும் குறட்டை விடமாட்டேன்” என்று மட்டும் வந்தது, அதுவும் உடைந்து.

ஏறிப் படுத்தேன். என் பாரத்துக்கு மெத்தை பணிந்தது, கதவு மூடியது, வெளிச்சம் ஒரு கோடாயிற்று. சாவியைத் திருப்புவதற்கு முன் முன்னாலிருந்து அவர் இருமுவது கேட்டது. வெந்நீர் வேண்டுமென்றால் அவரே வைத்துக் குடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. முதல் வேகத்தடை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.