குலுக்கைக்காரியின் உத்தரவு

காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. பூட்டிய அறைக்குள்ளிருந்து அழகுமீனா கூப்பிட்டாள்.

"அம்மா, தண்ணி."

ராக்காயி சொம்போடு எழுந்தாள்.

"வையி கீள," என்றார் அவள் கணவர் சிவபாண்டி.

மகள் நாரணாபுரத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வக்குமாரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அவன் தகப்பன் ஒரு காலத்தில் இவர்கள் காட்டில் கூலிக்கு நின்றவர். முறையாகக் கட்டிவைப்பதாகச் சொல்லி நேற்று அவளை மட்டும் அழைத்து வந்தார்கள்.

"நீங்கதான சித்தப்பா சத்தியம் பண்ணீக?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பண்ணாட்டி வண்டியில ஏறுவியாக்கும்?" முத்துராமலிங்கம் சிரித்தார். பிறகு அண்ணனிடம், "மாசி வரைக்கும் தாங்காதுண்ணே. இன்னைக்கே படையலப் போட்டு, குலுக்கைக்காரிகிட்ட உத்தரவு கேட்டுருவோம்," என்றார்.



அந்த வீட்டில் தானியம் கொட்டாத ஆளுயர மண்குலுக்கை ஒன்று உண்டு. அதுதான் குலசாமி. நாலு தலைமுறைக்கு முன் சாதி மாறி ஆசைப்பட்ட பெண்ணை உயிரோடு அதில் இறக்கி வாயைப் பூசினார்கள். பிறகு மழை பொய்த்தது. மாடுகள் செத்தன. பயந்துபோய்ச் சாமியாக்கினார்கள். காய்ச்சலில் போனவள் என்று ஊருக்குச் சொன்னார்கள். படையலில் மட்டும் பொய்யில்லை. தண்ணீர் கேட்டே செத்தவள் என்பதால் முதலில் தண்ணீர், பிறகுதான் சோறு.

சூடம் எரிந்தது. அண்ணனும் தம்பியும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்கள்.

ராக்காயிக்கு ஒருநாளும் அருள் வந்ததில்லை. கொண்டையை அவிழ்த்தாள். கோயிலில் பார்த்ததுபோல் ஆடினாள்.

"ஏலே! உள்ள கெடந்து அம்புட்டுக் கத்துனேனே, ஒருத்தன் தெறந்தானாலே? அந்தப் பிள்ள கதவத் தெறங்கலே! அவ புருசங்கிட்ட விட்டுட்டு வாங்கலே!"

இருவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். சிவபாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். சாவி அவர் இடுப்பில் தெரிந்தது. அவள் அதையே பார்த்தபடி ஆடினாள். அவர் கை அந்தப் பக்கம் போகவில்லை.

முத்துராமலிங்கம் தலையை மட்டும் தூக்கினார். கண்ணெல்லாம் நீர்.

"கோவிக்காத தாயி, எங்களுக்கு வேற வழியில்ல. உனக்குச் செய்யுத மாதிரியே அவளுக்கும் வருசாவருசம் தண்ணி வச்சு, பட்டு சாத்தி, ஒரு கொறையும் இல்லாமச் செய்வோம். உம் பக்கத்துல எடம் குடுப்பியா?"