கிட்டே வந்தால் சுருங்கும்

"வேலை முடிஞ்சா சுருண்டு மேல இருக்கற பெட்டிக்குள்ள போயிடும். பக்கத்துல உட்கார்ந்தா சின்னதாகும், தள்ளி உட்கார்ந்தா பெருசாகும். வீட்டுல டிவிக்குக் கீழ அடைச்சுக்கிட்டு நிக்கிற அந்த அலமாரியைத் தூக்கிடலாம்."

"தூக்கிட்டு?"

"உனக்கு ஒரு மேசை. தரையில குனிஞ்சு குனிஞ்சு துணி வெட்டறியே, இனிமே நின்னுக்கிட்டு வெட்டு. அந்த இடம் உனக்குத்தான்."

டிவி கடையில் சுருட்டுத் திரையைக் காட்டிக் கணவன் சொன்னது. சொன்னவன் அதைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். கேட்டவள்தான் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

திரை வந்தது, அலமாரி போனது. மேசை வருவதற்குள் கொழுந்தனின் உடற்பயிற்சி சைக்கிள் வந்துவிட்டது. வீடு மாற்றுகிறானாம், நாலு நாளைக்கு மட்டுமாம். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது மனிதர்கள் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். சைக்கிளுக்கும் அந்தச் சாமர்த்தியம் இருந்தது. அதில் ஒருவரும் ஏறி மிதித்ததில்லை. கணவனின் ஈரச் சட்டைகள்தான் அதன் கைப்பிடியில் சவாரி செய்தன.

அவள் பழையபடி தரையில் மண்டியிட்டுச் சீருடைத் துணிகளை வெட்டினாள். முட்டி கறுத்துக் காய்த்துப் போனது. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கடையில் கேட்டு வாங்கலாம், கட்டியவனிடம் வாக்கைக் கேட்டு வாங்குவதா? அந்த வைராக்கியம் ஊறி ஊறி வன்மமானது. அவன் வெள்ளைச் சட்டையில் அறுந்த பொத்தானுக்குப் பதில் பச்சைப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அவன் அதையும் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஆபீஸ் போய் வந்தான். பழிவாங்குவதற்குக்கூட எதிராளி கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பொத்தான் உருண்டு சைக்கிளுக்கு அடியில் போனது. தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், சுவர் நிறைய இருந்த படம் ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு வந்திருந்தது. அடுப்படி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். மறுபடி சுவர் நிறைந்தது. சாயங்காலம் கணவன் வந்து திரைக்கு நேர் கீழேயே நின்று காலணி கழற்றினான். அது அசையவில்லை.

அப்போதுதான் திரை மாட்ட வந்த மெக்கானிக்கின் நினைவு வந்தது. இந்த வீட்டில் முக்கியமானவர் யார், அவர் இருக்கும் தூரத்துக்குத் தகுந்தபடிதான் அளவு மாறும், அவர் முகத்தைப் பதியவேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். வெளியாள் முன்னால் பெருமை காட்ட வேண்டுமென்றால் கணவனுக்கு வெல்லக்கட்டி. டீ போட்டுக்கொண்டிருந்தவளை இழுத்து வந்து நிறுத்தி, "எங்க வீட்டுக்கு இவங்கதான் எல்லாம்" என்றான். முகம் பதிந்தது. அவள் திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் படம் பார்த்ததெல்லாம் அடுப்படி வாசலில் நின்றுதான். அதனால் திரை எப்போதும் முழுசாக விரிந்தது. நம் வீட்டுத் திரைக்குச் சுருங்கவே தெரியாது என்று கணவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரு, தெரியவைக்கிறேன் என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். அவசரப்படவில்லை. கால்பந்து இறுதி ஆட்டம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்கு ஆபீஸ் நண்பர்களும் கொழுந்தனுமாக வீடு நிறைந்தது. ஆட்ட நேரம் முழுக்க அவள் அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை. ஆட்டக்காரர்கள் ஆள் உயரத்துக்கு ஓடினார்கள். கணவன் காலர் ஒரு சுற்றுப் பெருத்தது. கடைசியில் ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனது. அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு வந்து, சைக்கிளுக்குப் பக்கத்தில், திரையைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

திரை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது.

ஆண்கள் எழுந்து முட்டி மோதினார்கள். இதற்கு வீட்டிலேயே என் கைபேசியில் பார்த்திருப்பேனே என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டார். கணவன் ரிமோட்டை அமுக்கினான், தட்டினான், தொடையில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினான். நூல்கண்டு எடுக்க அவள் நாலடி பின்னால் போனாள். படம் பெருத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். பந்து கடுகானது.

முதலில் புரிந்துகொண்டவன் கொழுந்தன். "அண்ணி, கொஞ்சம் உள்ள போயிடுங்களேன்."

"ஏன் தம்பி? உங்க சைக்கிள் நாலு நாளைக்குன்னு வந்து ஒரு வருஷமா இங்க உட்கார்ந்திருக்கு. நான் நாலு நிமிஷம் உட்காரக் கூடாதா?"

பக்கத்து வீட்டில் 'கோல்' என்று கூரை பறந்தது. இங்கே யார் அடித்தது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூச்சல் அவள் காதுக்குக் கல்யாண மேளமாக இருந்தது.

கணவன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான். "நீதான் பண்றியா?"

"நீங்க பண்ணதுதான். உங்க வீட்டுக்கு நான்தானே எல்லாம்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சைக்கிளைப் பார்த்தான். தன் சட்டையில் இருந்த பச்சைப் பொத்தானை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "உனக்கு என்னதான் வேணும், சொல்லேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்த சைக்கிள் இன்னைக்கே கிளம்பணும். இந்த இடத்துல எனக்கு மேசை போட்டுக் குடுங்க. நான் நின்னுக்கிட்டு வெட்டணும்."