துரும்பு கிள்ளிய பிறகு

ஓய்வுபெற்ற முன்சீப் சுவாமிதாஸ் இரு தரப்புக்கும் உறவில்லை, அவர்கள் சாதியுமில்லை. விசாரணைக்கு முன் வழக்கை அவரிடம் காட்ட இரண்டு வக்கீல்களும் சம்மதித்தார்கள்.

"நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு சொல்வேன். ஏத்துக்கிடறது உங்க பாடு" என்றார்.

செல்லப்பாண்டி பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டினான். பொன்னுத்தாய் திருச்சுழிப் பக்கம் பருத்தி எடுத்தாள். போன வருஷம் இருவரும் ஊர்க்கூட்டத்தில் துரும்பு கிள்ளிப் போட்டு, கல்யாணத்தை முறித்துப் பிரிந்தார்கள். பிள்ளை தகப்பனுக்கு என்பது ஊர் வழக்கம். எட்டு வயது மகள் முத்துமாரி அவனோடு போனாள். இப்போது பிள்ளையைக் கேட்டு பொன்னுத்தாய் மனுப் போட்டிருந்தாள்.

"ஊர் கூடிக் கிள்ளுன துரும்பு சார். அன்னைக்கு வாயத் தொறக்கல. தையில எனக்கு வேற கல்யாணம், இப்ப வந்து நிக்கா" என்றான் செல்லப்பாண்டி.

"துரும்பு கிள்ளுனது புருசன விடுறதுக்கு. பெத்த பிள்ளைய விடுறதுக்கு இல்ல" என்றாள் பொன்னுத்தாய்.

சுவாமிதாஸ் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை உனக்கு வரும்மா" என்றார் அவளிடம். "ஆனா கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள பிள்ளைக்கு நீ விருந்தாளி ஆயிருவ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

பிறகு அவனிடம் சொன்னார்: "தம்பி, ஊர் வழக்கத்த நீதான் நிரூபிக்கணும். முடியலேன்னா அவ இன்னும் உன் பொண்டாட்டி. தையில தாலி கட்டுனா ஜெயிலு."

"நிரூபிச்சுட்டா?"

"அவகூட உள்ள கல்யாணந்தான் முறியும். பிள்ளை விஷயத்துல கோர்ட்டு துரும்பப் பாக்காது. பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாக்கும். பிள்ளைய அவகிட்ட விட்டுட்டு, ரெண்டு பேரும் சேந்து விவாகரத்து மனுக் கொடுத்தா சீக்கிரம் முடியும்."

செல்லப்பாண்டி தன் கைகளைப் பார்த்தான்.

"நாந்தான் சார் தலை சீவி விடுறேன். மொதல்ல வகிடு கோணலாப் போகும். இப்ப நேரா எடுப்பேன்."

"கோர்ட்டுலயும் அதச் சொல்லு. சொன்னாலும் பிள்ளை அவகிட்டதான் போகும்."

அவன் சொன்னான்: "எழுதுங்க. லீவுக்கு மட்டும் எங்கிட்ட விடச் சொல்லுங்க."

சுவாமிதாஸ் வெளியே போய் பொன்னுத்தாயிடம் சொன்னார். அவன் உள்ளே இருந்த அறையின் மூடிய கதவை அவள் பார்த்தாள். அழவில்லை.

"லீவு பூரா இருக்கட்டும் சார். அவரே வந்து கூட்டிட்டுப் போகட்டும். ஊர்ப் பெரிய மனுசங்க ஒருத்தரும் கூட வர வேண்டாம்."