புது வண்டியில் பொரிப் பொட்டலம்

...இல்லை, என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்கிறார், புது வண்டி வந்து பன்னிரண்டு நாளாகியும் அந்த விசிறி மேல் ஆசை தீரவில்லை போலிருக்கிறது... இல்லை இல்லை, என்னைத்தான். லேடீஸ் பெட்டிக்கும் ஆண்கள் பெட்டிக்கும் நடுவில் இந்தக் கம்பி வலையை வைக்கலாம் என்று எந்த மகராசன் யோசித்தானோ, அவன் பெண்டாட்டி ஒருநாளும் ரயிலில் வேலைக்குப் போனவளாக இருக்க மாட்டாள். பழைய வண்டியில் அந்த இடத்தில் பலகைச் சுவர் இருந்தது. மூட்டைப்பூச்சி உண்டு, மழை வந்தால் ஒழுகும், உட்கார்ந்தால் புடவையில் ஆணி மாட்டும், எல்லாம் வாஸ்தவம், ஆனாலும் சுவர். வேப்பம்பட்டில் ஏறினால் அம்பத்தூர் வரைக்கும் என் மூஞ்சியை வீட்டு ஆள் ஒருத்தரும் பார்க்க முடியாது. வீட்டில் மாமியார், அரிசி டின்னுக்குள்கூடக் கைவிட்டுத் துழாவுகிறவள். கம்பெனியில் எனக்கு அடுத்த தையல் மெஷினில் நாத்தனார் பஞ்சவர்ணம், எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே, பாத்ரூமுக்குப் போனாலும் கூடவே வருவாள். நடுவில் அந்தச் சுவர் ஒன்றுதான் என் கட்சி. அதையும் எடுத்துவிட்டார்கள். ஊரே புது வண்டி புது வண்டி என்று கொண்டாடுகிறது, பளபளவென்று கைப்பிடி தொங்குகிறது, பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை, எனக்கு அந்த வாசம் வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்கானால் ஏக சந்தோஷம். கன்னியப்பன்... வாயால் சொல்ல மாட்டேன், மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப் போகிறது, கன்னியப்பன், கன்னியப்பன். முதல் நாளே வலையோரம் இடம் பிடித்து நின்றுகொண்டு, "இப்பத்தான் நிம்மதியா கீது நாகு, நீ பத்திரமா கீறியானு பாத்துகினே வர்லாம்" என்றார். பக்கத்திலிருந்தவள் எவ்வளவு அன்பு பார் என்றாள். அன்புதான், யார் இல்லை என்றார்கள்.

அவருக்கு ஒரு பையன் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பெண் இருக்கிறது, போதாது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் மூன்று நாள் நான் எங்கே இருந்தேன் என்றே எனக்குத் தெரியாது. டாக்டரம்மா இனிமேல் வேண்டாம்மா, உயிருக்கு ஆபத்து என்று என்னிடம் சொன்னாள், அவரை உள்ளே கூப்பிட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "அவுங்க அப்டித்தான் சொல்வாங்க" என்றார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். புஷ்பா மட்டும் இல்லையென்றால் என்ன செய்திருப்பேன்? திருநின்றவூரில் ஏறி ஆவடியில் இறங்குகிறவள், ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. கருத்தடை மாத்திரை அட்டை அவள் பையிலேயே இருக்கும். தினம் ஒன்று கிள்ளிக் கொடுப்பாள், அவள் பாட்டில் தண்ணீரில் நான் முழுங்குவேன், சனிக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கும் சேர்த்து இரண்டு. ஒன்றரை வருஷம் இப்படித்தான் அந்தச் சுவருக்குப் பின்னால் பிழைத்துக் கிடந்தேன். புது வண்டியில் முதல் நாள் வாயில் போட்டதுமே வலையிலிருந்து குரல், "இன்னா துன்றே?" ஏலக்காய் என்றேன். "எனுக்கும் ஒண்ணு குடு." அதிலிருந்து முந்தானையில் ஏலக்காய் முடிந்துகொண்டு வருகிறேன், வலைக்குள் ஏலக்காய் நுழைகிறது, தினமும் நீட்டுகிறேன், மென்றுகொண்டே பார்க்கிறார். செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி குனிந்து சில நாள் முழுங்கினேன், இரண்டு நாள் முடியவே இல்லை. இரண்டு நாள்... இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது என்று புஷ்பா சொன்னாள், சொல்லும்போது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு வண்டிக்குப் பூஜை. நாளைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் ஞாயிறு, மூன்று நாள் லீவு, அதனால் சீசன் டிக்கெட்காரர்கள் இன்றே வைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான், புது வண்டி என்பதால் இந்த வருஷம் தடபுடல் அதிகம், வாசல் கம்பியில் வாழைக்கன்று, சாமி படத்துக்கு இரண்டு முழத்துக்குக் கதம்பம். வலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தது இவரேதான், விரலால் ஒவ்வொரு பொட்டாக, என் மூஞ்சிக்கு நேராக. திருநின்றவூரில் வண்டி நின்றதும் அவர்கள் ஆள் ஒருத்தர் பிளாட்பாரத்தில் இறங்கி ஓடிவந்து எங்கள் ஜன்னல் வழியே பொரிப் பொட்டலங்களைக் கொடுத்தார். அப்போதுதான் ஏறிய புஷ்பா இரண்டை வாங்கினாள், பையை மடியில் வைத்துக் குனிந்தாள், நிமிர்ந்து ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "நாலு போட்டுகீறேன்டி. இன்னிக்கி ஒண்ணு, லீவுக்கு மூணு. மொத்தமா முழுங்கித் தொலையாத" என்று காதருகே சொல்லிவிட்டு, சத்தமாக "பிரசாதம்மா, துன்னு" என்றாள். கெட்டிக்காரி. வலைக்கு அந்தப் பக்கம் அவர் நெற்றி நிறைய விபூதியோடு, "நல்லா வேண்டிகினு துன்னு. நானும் வேண்டிகினேன், இந்த வாட்டி பையன்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நிஜமாகவே கலங்கியிருந்தது. பொரியோடு சேர்த்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணைப் பார்த்தபடி முழுங்கினேன், தொண்டையில் பொரி ஒட்டிக்கொண்டது, புஷ்பா தண்ணீர் கொடுத்தாள். பாவமா இது? பாவம் என்றால் யாருக்கு? எனக்கு என்ன ஆனாலும் இரண்டு பெண்ணுக்கும் தலை வாரிவிடுவது யார் என்று அந்தச் சாமிக்குத் தெரியாதா?

ஆவடியில் புஷ்பா இறங்கிவிட்டாள். கூட்டம் கொஞ்சம் குறைந்தது, அவர் வலைக்கு இன்னும் நெருங்கி வந்தார். அண்ணனூர் தாண்டும்போது, "ஏய், எல்லாத்தியும் துன்னுடாத. மீதிய அம்மாவுக்கு ஊட்டுக்கு எட்துகினு போணும். இப்டி குடு, நானே வச்சிகிறேன், நீ எங்கியாவது வச்சி மறந்துடுவே" என்று வலையில் விரலை வைத்தார். நகம் மட்டும் இந்தப் பக்கம் வந்தது. பொட்டலம் எங்கே நுழையும்? "சர்தான், அம்பத்தூர்ல எறங்கி ஜன்னலாண்ட வந்து குடு." திருமுல்லைவாயில், அடுத்தது அம்பத்தூர், எவ்வளவு நேரம் இருக்கிறது, பத்து நிமிஷம் இருக்குமா, இருக்காது. மாமியார் பொரியைப் புடைத்துத்தான் தின்பாள், கல் இருக்கும் என்று. மடியில் வைத்துக் கீழே பார்க்காமல் விரலால் துழாவுகிறேன், பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, உளுந்தளவுதானே இருக்கிறது பாழாய்ப்போனது... ஒன்று கிடைத்தது. இடுப்புச் செருகலுக்குள் போயிற்று. இன்னொன்று. மூன்றாவது எங்கே? கடலை, கடலை, இதுவும் கடலை. முன்னாடியே பொரியோடு இரண்டாக முழுங்கிவிட்டேனா? அல்லது புஷ்பா அவசரத்தில் மூன்றுதான் போட்டாளா? திருமுல்லைவாயில் போயே போயிற்று, ஆட்கள் வாசலுக்கு நகர்கிறார்கள், அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், சந்தனப் பொட்டுக்கு நடுவில் ஒரு கண். கை நிறைய அள்ளி வாயில் போட்டேன். இன்னொரு கை.

"இன்னா பண்றே? அம்மாவுக்குன்னு சொல்லிகினே கீறேன்."

இன்னொரு கை. வாய் கொள்ளவில்லை, கன்னத்தில் அடைத்துக்கொண்டேன். வலையைத் தட்டுகிறார், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "ஏய் நாகவல்லி, குடுடீ" என்கிறார், விரல் உள்ளே வருகிறது, மறுபடி நகம் வரைக்கும்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் வேண்டாம் என்ற பிறகும் நான் ஒன்றைச் செய்துகொண்டிருப்பது இதுதான் முதல் தடவை, அதுவும் சாமி பிரசாதத்தைத் தின்பது.

"பசிக்குது" என்றேன், பொரி வாயோடு, அவருக்குப் புரிந்ததோ இல்லையோ.

அம்பத்தூரில் இறங்கினேன். வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டியவர், இங்கே இறங்கினால் அவருக்கு ஷிப்ட் போய்விடும், ஜன்னலோரம் வந்து நின்றார். வெறும் பேப்பரைக் காட்டினேன். மாலை வீட்டுக்கு வருவார். வீட்டில் வலையும் இல்லை, சுவரும் இல்லை, மூன்று நாள் லீவு, இடுப்பில் இரண்டு இருக்கிறது, வயிற்றில் எத்தனை என்று தெரியாது. வண்டி கிளம்பியது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார், கேட்கவில்லை. நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினேன், கசக்கிறதா? கசக்கிற மாதிரிதான் இருந்தது, தேங்காய்ச் சில்லு பழசாகவும் இருக்கலாம்.