நெற்றிப் பட்டைக்கு ஒரு கையெழுத்து

மானாம்பதிக்கு அந்தாண்டை இருக்கும் ஜல்லி கிரஷரில் யார் பழைய ஆள், யார் புதுசு என்று பெண்களின் நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஹெல்மெட்டுக்குள் நெற்றியை ஒட்டி வருகிற ஸ்பாஞ்சுப் பட்டை வேர்வையில் ஊறி, கல்தூசியோடு சேர்ந்து தோலை அறுக்கும். தமிழ்ச்செல்வியின் நெற்றியில் அது போட்ட கோட்டுக்கு ஆறு வயசு.

அதனால் பிருந்தா மூன்று மாதிரிப் பட்டைகளோடு வந்து நின்றபோது அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிருந்தா வேறு யாருமில்லை, அதே தெருப் பெண். பஸ் வராத நாளெல்லாம் தமிழ்ச்செல்வியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து உத்திரமேரூருக்குப் படிக்கப் போனவள். இப்போது இதே கிரஷருக்கு சேஃப்டி ஆபீசர்.

"பட்டைய மாத்தப் போறோம்க்கா. ரெக்சின், புது ஸ்பாஞ்சு, டவல் துணி, மூணும் கீது. ஆளுக்கு ரெண்டு நாள் போட்டுப் பாக்கட்டும். பழசுல இன்னா கஷ்டம், எத்தினி மணிக்கு மேல தாங்கல, எல்லாத்தையும் கேட்டு எழுதிக் குடு. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க."

தமிழ்ச்செல்வி இதைத் தன் வீட்டுக் கல்யாண வேலை மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். ரெக்சின் நாலாம் நாளே உரிந்தது. புது ஸ்பாஞ்சு ராத்திரி முழுக்க வைத்தாலும் காயவில்லை. டவல் துணிதான் வேர்வையைக் குடித்தது. கழற்றித் துவைத்து மறுநாள் மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. எல்லோரும் அதற்கே கை தூக்கினார்கள்.

வயதில் மூத்த கோவிந்தம்மாள் உள்ளதை உடைத்தே சொன்னாள். "பழைய பட்டையோட பதினோரு மணிக்கு மேல முடியல தமிழு. மேஸ்திரி அந்தாண்ட போனதும் ஹெல்மெட்ட கயட்டி வெச்சுட்டு துண்டு கட்டிக்கிறேன். எழுதிக்கோ, இன்னா இப்போ?"

மற்ற பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். தமிழ்ச்செல்வியும் தன் பெயரைப் போட்டு அதையே எழுதினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் கக்கூஸ் கேட்டுக் கொடுத்த மனுவை, எவளோ ஒருத்தி கிறுக்கினது என்று ஆபீஸில் தூக்கிக் கடாசியிருந்தார்கள். இந்த முறை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் இருக்கக் கூடாதென்று, பெயருக்கு நேரே ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்து என்றதும் தயங்கிய கோவிந்தம்மாளிடம், "பிருந்தா நம்ம பொண்ணுக்கா, நான் கீறேன்ல" என்று தைரியம் சொன்னதும் இவளேதான்.

திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலை நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியதாகத் தாங்களே எழுதிக் கொடுத்த பதினோரு பேருக்கும் இனி வேலை இல்லை. கீழே பிருந்தாவின் கையெழுத்து. தமிழ்ச்செல்வியின் பெயர் மட்டும் அதில் இல்லை.

தமிழ்ச்செல்வி ஆபீஸுக்குள் பிருந்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பட்டைக்குத்தான கேட்ட?"

"பட்டையும் வரும்க்கா. போன மாசம் ஒரு ஆளுக்கு மண்ட ஒடஞ்சுதே, கம்பெனி மேல தப்பில்ல, ஆளுங்கதான் ஹெல்மெட்ட கயட்டுறாங்கன்னு காட்டச் சொல்லி மேலருந்து கய்த்த நெரிக்கிறாங்க. உன் பேர நான்தான் எடுத்தேன். உன்ன வுட்டுக் குடுப்பனா?"

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். காப்பாற்றியதைத்தான் தமிழ்ச்செல்வியால் பொறுக்க முடியவில்லை. தான் கேரியரில் வைத்து மிதித்த பெண், தன்னையே கருவியாக வைத்துக் கூட வேலை செய்தவர்களின் கழுத்தை அறுத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு நேரே நோட்டீஸ் பலகைக்கு வந்தாள். பதினோராவது பெயருக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டுத் தன் பெயரை எழுதினாள். பின்னாலிருந்து பிருந்தா கூப்பிட்டாள். இவள் திரும்பவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அத்தனை பேரும் பையும் தூக்குச் சட்டியுமாக நின்றிருந்தார்கள். இவள் கிட்டே வந்ததும் பேச்சு நின்றது.

"என் பேரையும் எழுதிட்டு வந்துட்டேன்க்கா," என்றாள், மூச்சு வாங்க.

கோவிந்தம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"பாத்துப் பேசுங்கடி. எழுதிக்கினு போவ வந்துகீறா."